பூச்சைக்கு நூல்கண்டு வேண்டாம், சிரட்டை போதும்

காலண்டர் படமோ, குழந்தைகள் கதைப் புத்தகமோ, பூனை என்று ஒன்றை வரைந்தால் பக்கத்தில் ஒரு கம்பளி நூல்கண்டையும் வரைந்துவிடுகிறார்கள். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, உலகம் முழுக்க அதே படம்தான். எந்தக் கால்நடை மருத்துவரிடமாவது கேட்டுப் பாருங்கள். பூனைக்குக் கொடுக்கவே கூடாத விளையாட்டுச் சாமான் எது என்றால் அந்த நூல்கண்டைத்தான் காட்டுவார்.

வீட்டில் பூனை வளர்க்கும் வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "முந்நூறு ரூபாய் கொடுத்து எலி பொம்மை வாங்கினோம், ஒரு நாள் விளையாடியது, மறுநாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டிலேயே ஏதாவது செய்து கொடுக்கலாமா?" தாராளமாகச் செய்யலாம். காசு கொடுத்து வாங்குவதைவிட நம் அடுக்களையில் கிடப்பதே நல்ல சாமான். ஆனால் எதைக் கொடுக்கலாம் என்பதற்கு முன்னால் எதை எடுத்து ஒளித்து வைக்கவேண்டும் என்பதைப் பார்த்துவிடுவோம்.

எங்கள் ஆரல்வாய்மொழியில் பூனையைப் பூச்சை என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கம்பர் தம் ராமாயணத்து அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனையைப் 'பூசை' என்றே சொல்கிறார். நாங்கள் அதில் ஒரு 'ச்' கூடுதலாகப் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

நாகர்கோவிலிலிருந்து வந்தால் எங்கள் ஊருக்கு முன்னால் தோவாளை. பூச்சந்தையால் பேர்பெற்ற ஊர். பூவை வாங்கி வந்து கட்டிக் கொடுப்பது இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் நடக்கிற வேலை. திண்ணையில் பூக்குவியல், பக்கத்தில் நூல் உருண்டை அல்லது நனைத்து வைத்த வாழைநார், நடுவில் கட்டாயம் ஒரு பூச்சை. நூல் இழுபடும்போதெல்லாம் அது பாயும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்கா ஒருவரின் வீட்டுப் பூச்சை ஒருநாள் சாப்பாட்டை விட்டது. மறுநாள் நுரை நுரையாக வாந்தி. "பச்சத்தண்ணி குடிக்கல்ல, கட்டிலுக்க அடியில போய் கெடக்கு. எலிய கிலிய தின்னுட்டோ என்னமோ" என்றார். எலி இல்லை. கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தபோது நாக்குக்கு அடியில் வெள்ளை நூல் சுற்றிக் கிடந்தது. மறுமுனை குடலுக்குள். வயிற்றைத் திறந்துதான் எடுக்கவேண்டியதாயிற்று. பூச்சை பிழைத்துக்கொண்டது. இப்போதும் அதே திண்ணையில் அதே இடத்தில்தான் உட்காருகிறது. நூல் உருண்டை மட்டும் மூடி போட்ட டப்பாவுக்குள் போய்விட்டது. மூடியில் ஒரு ஓட்டை, அதன் வழியாக நூல் வருகிறது. கட்டி முடித்ததும் அக்கா டப்பாவைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்.

ஏன் இப்படி ஆகிறது? பூனை உங்கள் கையை நக்கும்போது உப்புத்தாள் தேய்த்த மாதிரி சொரசொரப்பாக இருக்கும் அல்லவா? அதன் நாக்கில் சிறு முட்கள் இருக்கின்றன. எல்லாம் தொண்டைப் பக்கம் பார்த்து வளைந்தவை. நூல் அதில் மாட்டினால் துப்ப நினைத்தாலும் துப்ப வராது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பை வாயிலோ மாட்டிக்கொள்ள, மீதி நூல் குடலுக்குள் இறங்குகிறது. குடல் அதைத் தள்ளப் பார்க்கும். நூல் நகராது. குடல்தான் நூலின் மேல் ஏறிச் சுருங்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி எப்படிச் சுருக்கம் சுருக்கமாகச் சேருகிறது, அதேபோலத்தான். இழுவை கூடும்போது நூல் குடலை அறுத்துவிடவும் செய்யும்.

அதனால் நூல், கம்பளி, ரிப்பன், ஜரிகைச் சரம், மாலையிலிருந்து உருவிய நார், தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டு, பட்டம் விடும் நூல், ஊசி கோத்த நூல் என இந்த வகை எதுவும் பூனை தனியாக இருக்கும் இடத்தில் கிடக்கக் கூடாது. வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள். உள்ளே என்ன அறுபடுகிறது என்று வெளியில் தெரியாது. நேராக மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். சாப்பிடாமல் இருப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, எச்சில் ஒழுகுவது, இருட்டில் போய் ஒளிவது, இதெல்லாம் சேர்ந்து வந்தால் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று இருக்கவேண்டாம்.

பூ வீடுகளுக்கு இன்னொரு வார்த்தை. வாடிய மாலையைப் பூனைக்கு விளையாடப் போடும் வழக்கம் உண்டு. அந்த மாலையில் அரளி இருந்தால் அது விளையாட்டு இல்லை. அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே நஞ்சு. இதயத்தைத் தாக்கும். பூங்கொத்துகளில் வரும் லில்லி பூனைக்கு அதைவிடப் பொல்லாதது. இலையைக் கடித்தாலும் போதும், மேலே கொட்டிய மகரந்தத்தை நக்கினாலும் போதும், சிறுநீரகம் கெட்டுவிடும். வேலியில் படரும் செங்காந்தளும் அப்படித்தான், நம் மாநிலப் பூ என்று பார்க்காது.

விளையாட்டு என்பது வேட்டை

பயமுறுத்தியது போதும், இனி விளையாட்டுக்கு வருவோம்.

முன்பெல்லாம் பூச்சைக்கு யாரும் விளையாட்டுக் காட்டியதில்லை. அறைப்புரையில் நெல் இருந்தது, நெல்லுக்கு எலி வந்தது, எலிக்குப் பூச்சை இருந்தது. இப்போது நெல் குதிரும் இல்லை, எலியும் குறைவு. தெருவில் இறங்கினால் ஆளையே அடித்துப்போடும் வேகத்தில் வண்டிகள். நெடுஞ்சாலை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. வளர்ப்பவர்கள் பயந்து பூச்சையை வீட்டுக்குள்ளேயே வைக்கிறார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் வேலை இல்லாத வேட்டைக்காரன் வீட்டுக்குள் என்ன செய்வான்? தின்று கொழுப்பான், சோபாவைக் கிழிப்பான், நீங்கள் நடக்கும்போது கணுக்காலைக் கடிப்பான். சேட்டை என்று அடிக்கிறோம். அது சேட்டை இல்லை, வேலை தேடுகிறது.

பூனையின் விளையாட்டும் வேட்டையும் வேறுவேறு இல்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராட்ஷாவும் அவருடன் இருந்தவர்களும் பூனைகளின் விளையாட்டைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். பசியோடு இருக்கும் பூனைதான் பொம்மையோடு அதிகமாக விளையாடுகிறது. ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் காட்டினால் சலித்துப்போகிறது. கொஞ்சம் மாற்றிக் காட்டினால் உடனே ஆர்வம் திரும்பிவிடுகிறது. 2002இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இது. முந்நூறு ரூபாய் எலி பொம்மைக்கு ஏன் ஒருநாள்தான் ஆயுசு என்பது புரிகிறதா? எவ்வளவு கடித்தாலும் அது சாகவில்லை, பிய்யவில்லை, மணமும் மாறவில்லை. பூனையின் கணக்கில் அது இரை இல்லை.

அதனால் பத்து பொம்மை இருந்தால் பத்தையும் தரையில் பரப்பாதீர்கள். இரண்டை மட்டும் வெளியில் வையுங்கள். மீதியைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழையதே புதிதாகிவிடும்.

எப்படி ஆட்டுவது என்பது பொம்மையைவிட முக்கியம். நிறையப் பேர் பொம்மையைப் பூனையின் மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் ஆட்டுகிறார்கள். எந்த எலியாவது பூனையின் மூக்கைத் தேடி வருமா? இரை ஓடவேண்டும், அதுவும் பூனையை விட்டு விலகி ஓடவேண்டும். சுவரோரமாக மெதுவாக நகர்த்துங்கள். சட்டென்று நிறுத்துங்கள். கதவிடுக்கில் பாதி மறைத்து நுனியை மட்டும் லேசாக அசையுங்கள். மறைகிற பொருளை எந்தப் பூனையாலும் சும்மா விட முடியாது. பூனை பதுங்கி, பின்பக்கத்தை இடமும் வலமும் ஆட்டுகிறதா? பாயப்போகிறது. அப்போது இழுத்துவிடாமல் ஐந்துக்கு மூன்று தடவையாவது பிடிக்க விடுங்கள். பிடித்ததும் இரண்டு வினாடி உயிருள்ளதுபோல உதறுங்கள், பிறகு அடங்குங்கள்.

நிறத்துக்காக மெனக்கெட வேண்டாம். பூனைக்குச் சிவப்பு நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பளிச்சென்று தெரியாது. அசைவும் ஓசையும்தான் அதற்கு முக்கியம். நமக்குக் கேட்காத எலிக்குஞ்சின் கீச்சுக்குரல்கூட அதற்குக் கேட்கும். காகிதம் சரசரப்பதும் காய்ந்த ஓலை உரசுவதும் அதன் காதில் இரையின் சத்தம்தான்.

கடைகளில் லேசர் விளக்கு விற்கிறார்கள். சிவப்புப் புள்ளியைத் துரத்திப் பூனை சுவரில் ஏறுவதைப் பார்க்கக் குழந்தைகளுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. எவ்வளவு ஓடினாலும் கையில் ஒன்றும் சிக்காத வேட்டை அது. அதில் பழகிய சில பூனைகள் விளக்கு அணைந்த பிறகும் நிழலையும் வெளிச்சத்தையும் முறைத்துக்கொண்டே இருக்கும். கண்ணில் பட்டால் கேடு வேறு. வீட்டில் ஏற்கெனவே இருந்தால், கடைசியில் புள்ளியை ஒரு தின்பண்டத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தி முடியுங்கள்.

சிரட்டை, ஓலை, அட்டைப்பெட்டி

மூன்று சிரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுள்ள சிரட்டையாக இருந்தால் நல்லது. ஓரத்தைக் கரடான கல்லில் தேய்த்து மழமழப்பாக்குங்கள், உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைச் சுரண்டிக் கழுவுங்கள். இல்லாவிட்டால் பூச்சைக்கு முன்னால் எறும்பு வந்துவிடும். தரையில் மூன்றையும் கவிழ்த்து, ஒன்றின் அடியில் மட்டும் உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழித் துணுக்கோ முள் நீக்கிய மீனோ வையுங்கள். கண் ஓட்டை வழியாக மணம் வெளியே வரும். பூச்சை ஒவ்வொன்றாக முகர்ந்து, சரியான சிரட்டையைக் காலால் தட்டிக் கவிழ்க்கும். முதல் நாள் நீங்களே சிரட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டவேண்டியிருக்கலாம். இரண்டாம் நாள் தேவைப்படாது. மூன்று பழகியதும் ஐந்தாக்குங்கள். பிறகு சிரட்டைகளை இரண்டு அறைகளில் பிரித்து வையுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை இப்படித் தேடித் தின்னவைத்தால் அவசரமாக விழுங்கி வாந்தி எடுக்கிற பூனையும் நிதானமாகும், சும்மா கிடந்து கொழுத்த பூனையும் நாலடி நடக்கும்.

அடுத்தது ஓலைப்பந்து. ஒரு தென்னோலை இலையை ஈர்க்கு நீக்கினால் இரண்டு நாடா கிடைக்கும். அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக மடக்கி முடைவது எப்படி என்று வீட்டில் அறுபது வயதுக்கு மேல் யார் இருந்தாலும் சொல்லித்தருவார்கள். பேரப்பிள்ளைகள் செல்போனை வைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார இதுவும் ஒரு சாக்கு. ஓலைப்பந்து சரியான உருண்டையாக வராது, மூலை மூலையாகத்தான் இருக்கும். அதுதான் அதன் அருமை. ரப்பர் பந்து நேராக உருண்டுபோகும். ஓலைப்பந்து துள்ளும், திரும்பும், எதிர்பாராத பக்கம் ஓடும், கிட்டத்தட்ட அரணை ஓடுகிற மாதிரி. பச்சையாக இருக்கும்போது ஒரு மணம், காய்ந்த பிறகு ஒரு சரசரப்பு. இழை பிரிந்து தொங்க ஆரம்பித்ததும் அடுப்பில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று முடையுங்கள். நூலுக்குச் சொன்னதெல்லாம் பிரிந்த ஓலைக்கும் பொருந்தும்.

தென்னை இல்லாத ஊரில் இருப்பவர்கள் வருத்தப்படவேண்டாம். பழைய செய்தித்தாளைக் கசக்கி உருட்டினாலும் போதும். ஜோடி தொலைந்த சாக்ஸுக்குள் கொஞ்சம் துணியைத் திணித்து முடிச்சுப் போட்டால், கட்டிப்பிடித்துப் பின்னங்காலால் உதைக்க ஏற்ற ஒரு 'எலி' ரெடி. பொத்தான், பாசிமணி, ஒட்டுக்கண் எதுவும் வைத்துத் தைக்காதீர்கள். அழகு நமக்குத்தான், விழுங்கப்போவது அது.

தூண்டில் மாதிரி ஆட்டும் கோல் செய்ய ஆசைப்பட்டால் நூலுக்குப் பதிலாகப் பழைய வேட்டியிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துணிப்பட்டை கிழித்து, மெல்லிய மூங்கில் குச்சியின் நுனியில் இறுகக் கட்டுங்கள். பட்டையின் முனையில் துணி முடிச்சோ கழுவிக் காயவைத்த கோழி இறகோ. வெறும் ஈர்க்கிலை ஆட்டுவதும் உண்டு, ஆனால் நுனி கண்ணில் குத்தும். நுனியில் துணியைச் சுற்றாமல் குழந்தைகள் கையில் தராதீர்கள். விளையாடி முடிந்ததும் கோல் உயரமான ஆணிக்குப் போய்விட வேண்டும்.

அட்டைப்பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. உள்ளே வந்த பொருளைவிடப் பெட்டிதான் பூனைக்குப் பிடிக்கும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்ததே. அது வெறும் வேடிக்கையும் இல்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் பாதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், பாதிக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை சீக்கிரமே பதற்றம் தணிந்து இடத்துக்குப் பழகின என்று 2014இல் எழுதினார்கள். வீடு மாறும்போதும், விருந்தாட்கள் வரும்போதும், தீபாவளி வெடிக்கும் உங்கள் பூனைக்கு ஒரு பெட்டி போதும். ஒட்டுநாடாவையும் பின்களையும் பிய்த்துவிட்டு, பக்கவாட்டில் கால் நுழையும் அளவுக்கு மூன்று நான்கு ஓட்டைகள் போடுங்கள். வெளியிலிருந்து ஒரு ஓட்டையில் துணி நுனியைக் காட்டி இழுத்தால் உள்ளேயிருந்து ஒரு கை வரும்.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்லட்டுமா? தரையில் கோலமாவால் பூனை உட்காரும் அளவுக்கு ஒரு சதுரம் போட்டுவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலும் அதற்குள் போய் உட்காரும். 2021இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நான்கு மூலை மட்டும் இருக்க, கோடே இல்லாமல் சதுரம்போலத் தோன்றும் ஒரு மாயப்படத்தைத் தரையில் ஒட்டச் சொல்லி, வீட்டுப் பூனைகளை உரிமையாளர்களையே கவனிக்க வைத்தார்கள். அந்த இல்லாத சதுரத்துக்குள்ளும் பூனைகள் போய் உட்கார்ந்தன.

பந்தை எறிந்தால் நாய் மாதிரி எடுத்துவரும் பூனைகளும் உண்டு. சொல்லிக்கொடுத்ததா என்று வளர்ப்பவர்களைக் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் 'தானாகவே ஆரம்பித்தது' என்றார்களாம். 2023இல் இங்கிலாந்தில் வெளியான கணக்கெடுப்பு அது. எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்பதையும் பூனையே தீர்மானிக்கிறதாம். பூனை வளர்ப்பவர் யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது.

குப்பைமேனி வேர்

வெளிநாட்டில் பூனை வளர்ப்பவர்கள் 'கேட்னிப்' என்ற செடியை உலர்த்தித் துணிப்பையில் தைத்துக் கொடுக்கிறார்கள். நம் ஊர்களிலும் இணையத்தில் வரவழைத்து வாங்குகிறார்கள். வாங்குகிறவர் வீட்டுக் கொல்லையிலேயே அதன் பங்காளி நிற்கும். குப்பைமேனி. சித்த மருத்துவத்தில் அதற்கு இன்னொரு பெயரே 'பூனைவணங்கி'. மலையாளத்தில் 'பூச்சமயக்கி'. பேர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

இலையில் இல்லை விஷயம், வேரில். மழை பெய்து மண் இளகியபின் ஒரு செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பூனை முன்னால் போடுங்கள். முகரும், கன்னத்தை வைத்து உரசும், எச்சில் ஒழுக உருளும், வேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கும். ஐந்து பத்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து போய்விடும். ஆஸ்திரேலிய வேதியியலாளர்கள் 2016இல் இந்த வேரிலிருந்து பூனையை இழுக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டினார்கள். கேட்னிப்பில் இருப்பவற்றின் உறவுக்காரப் பொருள்கள்தான் அவை. ஜப்பானின் இவாட்டே பல்கலைக்கழகத்தினர் 2021இல் இன்னொன்றையும் கண்டார்கள். இப்படிப் பூனைகள் உரசிக்கொள்ளும் கேட்னிப்பிலும் 'மாதாதாபி' என்ற ஜப்பானியக் கொடியிலும் உள்ள பொருள் கொசுவை விரட்டுகிறது. மயங்கி உருள்வதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, அது கொசு மருந்து பூசிக்கொண்டிருந்திருக்கிறது.

எல்லாப் பூனையும் ஒரேபோல் மயங்காது. சில திரும்பியும் பார்க்காது. மயங்குகிற பூனைக்கும் முகரவும் உரசவும் மட்டும் கொடுங்கள், தின்ன விடாதீர்கள். இது மருந்துச் செடி, அளவு மீறினால் எந்த மருந்தும் கெடுதல்தான். பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை போதும். பூச்சிமருந்து அடித்த வயலோரத்துச் செடி வேண்டாம்.

காற்றும் கதவும்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி ஆடிக் காற்றைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. முப்பந்தல் தாண்டி வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். அந்த மாதங்களில் பூனைக்கு நாம் ஒன்றும் ஆட்டிக்காட்டவே வேண்டாம். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு ஓலைக் காற்றாடியைக் குத்தி வைத்தால் போதும், உள்ளே ஜன்னல் திண்டில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்க்கும். ஆனால் அதே காற்று கதவையும் அறையும். கதவிடுக்கில் நாம் துணி நுனியைக் காட்டி விளையாடும் நேரத்தில் ஒரு அறை விழுந்தால் வாலோ விரலோ போச்சு. கதவுக்கு ஒரு கல்லோ மணல் நிரப்பிய பையோ அணை கொடுத்துவிட்டு விளையாட ஆரம்பியுங்கள். கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கும் மாடி வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கை பொம்மை இல்லை

குட்டியாக இருக்கும்போது விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டாத வீடு இல்லை. கடித்தாலும் வலிக்காது, செல்லமாக இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே பல் அதே விரலைக் கடிக்கும்போது அடி கொடுக்கிறோம். அதற்கு என்ன தெரியும், அந்த விரல்தான் இரை என்று நாமே பழக்கியது. முதல் நாளிலிருந்தே கைக்கும் பூனைக்கும் நடுவில் ஒரு சாக்ஸாவது இருக்கட்டும். கையைப் பிடித்துக்கொண்டால் உதறி இழுக்காதீர்கள், இழுத்தால் இரை ஓடுகிறது என்று இன்னும் அழுத்தும். அசையாமல் நிறுத்தினால் விட்டுவிடும்.

கடியோ கீறலோ பட்டு இரத்தம் வந்தால் மஞ்சள்பொடி, காபிப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மருத்துவமனை. வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனைக் கடியாலும் வரும். அரசு மருத்துவமனைகளில் இதற்கான ஊசி இலவசம். வீட்டுப் பூனைதானே என்று விட்டுவிடக் கூடாது. அதற்கும் வருடந்தோறும் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

விளையாடினால் வேட்டைப் பழக்கம் கூடாதா, அணிலையும் குருவியையும் பிடித்து வராதா என்று சிலர் கேட்கிறார்கள். நேர்மாறு. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டிய வீடுகளில் பூனைகள் கவ்விவந்த உயிர்களின் எண்ணிக்கை 25 சதவீதம் குறைந்தது. இறைச்சி அதிகமுள்ள உணவு கொடுத்த வீடுகளில் 36 சதவீதம். வெறும் பால்சோறு போட்டுவிட்டு, அரணையைப் பிடித்து வருகிறது என்று திட்டுவதில் நியாயமில்லை.

வயதான பூனைகளை மறந்துவிடாதீர்கள். பத்து வயது தாண்டினால் மூட்டு வலி இருக்கும், பாயாது. படுத்தபடியே தட்டி விளையாட, பக்கத்தில் துணி நுனியை மெதுவாக நகர்த்தினால் போதும். கண் மட்டும் பின்தொடர்ந்தாலும் அது விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது. சிரட்டையில் இரண்டு போதும்.

கடைசியாக, அதிகம் பேர் கேட்கும் கேள்வி. விடிகாலை நாலு மணிக்கு முகத்தில் ஏறி எழுப்புகிறதே, என்ன செய்ய? பூனைக்கு வேட்டை நேரம் அந்தியும் விடியலும். அதை மாற்ற முடியாது, கொஞ்சம் நகர்த்தலாம். இரவு நீங்கள் படுப்பதற்குச் சற்றுமுன் பத்து நிமிடம் நன்றாக ஓடவிட்டு, கடைசியில் பிடிக்கவிட்டு, உடனே அன்றைய கடைசிச் சாப்பாட்டைக் கொடுங்கள். பிடித்தது, தின்றது, நக்கிச் சுத்தம் செய்தது, தூங்கியது என்று அதன் வரிசை முடிந்துவிடும். நாலு மணிக்கு எழுப்பினாலும் எழுந்து சாப்பாடு போடாதீர்கள். ஒருநாள் போட்டால் ஒரு மாதத்துக்குக் கணக்கு வைத்துக்கொள்ளும். பத்து நாள் விடாமல் செய்தால் நாலு மணி ஐந்தரை ஆகும். ஆறரைக்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது.